அம்மாவின் தாலாட்டு ஏன் அடங்கிப் போயிற்று?

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் பைக்காராவில் எதுவுமே காயாது. துணி காயாது, விறகு காயாது, அலமாரியில் வைத்த தோல்பைகூடப் பச்சைப் பூசணம் பூத்துவிடும். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் அணையும் ஆறும் சோலையுமாக இருக்கும் ஊர். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால், இங்கேயே குடும்பம் நடத்துகிறவளுக்கு ஈரத்தோடு ஓயாத சண்டை. அந்த ஈரத்துக்கு இரையாகிறவற்றில் ஒன்று, பரணில் கிடக்கும் பழைய கேசட்டுகள்.

கேசட்டை 1963இல் பிலிப்ஸ் கம்பெனி அறிமுகப்படுத்தியது. நம் வீடுகளில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அது செல்லப்பிள்ளை. அதில் இருந்த சினிமாப் பாட்டும் சுப்ரபாதமும் இன்று செல்போனில் தட்டினால் வந்துவிடும். ஆனால், துபாய்க்குப் போன அப்பா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய டேப், பாட்டி பாடிய நலங்குப் பாட்டு, மூத்த பிள்ளையின் மழலை, இவையெல்லாம் எந்தக் கடையில் கிடைக்கும்? நம் பரணில் மட்டுமே உண்டு. அதனால்தான் பல சகோதரிகள் அவற்றை எம்பி3 ஆக மாற்றிப் பென்டிரைவிலும் செல்போனிலும் ஏற்றிக்கொள்கிறார்கள். நல்ல காரியம்தான். மாற்றிய பிறகு எல்லோரும் சொல்லும் குறை ஒன்றே ஒன்று: "ஒரு பாட்டு காதிலேயே விழவில்லை, அடுத்த பாட்டு காதைப் பிளக்கிறது. நார்மலைஸ் செய்தும் சரியாகவில்லை!"

இந்த முறை அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

அலையில் ஒரு பனைமரம்

எங்கள் குடியிருப்பில் ஓர் இளம் தாய். கையில் ஐந்து மாதக் குழந்தை. அவளுக்கு அம்மா இல்லை. விவரம் தெரியும் முன்பே போய்விட்டார். அந்த அம்மா அவளைத் தொட்டிலில் போட்டுப் பாடிய தாலாட்டை அப்பா ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். தாலாட்டு முடிந்ததும் அதே பக்கத்தில் சினிமாப் பாட்டுகள்.

"அக்கா, எங்கம்மா குரல்னு எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. கடையில குடுத்துப் பென்டிரைவ்ல ஏத்தி வாங்கினேன். அம்மா பாடறது கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு. சத்தத்தை முழுசாக் கூட்டி வெச்சா, அடுத்த பாட்டு வந்ததும் பாப்பா திடுக்கிட்டு வீல்னு அலறுது."

"கடைக்காரர்கிட்ட கேட்டியாம்மா?"

"கேட்டேன்க்கா. 'நார்மலைஸ் பண்ணித்தான் குடுத்திருக்கேன், கேசட்டே அவ்வளவுதான்'னுட்டார்."

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. நார்மலைஸ் செய்துதான் கொடுத்திருக்கிறார். ஆனால், கேசட்டில் குறை இல்லை! அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தோம். ஒலியை அலையாகப் படம் போட்டுக் காட்டும் அல்லவா? தாலாட்டு முழுவதும் புல் முளைத்த மாதிரித் தரையோடு தரையாகக் கிடந்தது. ஆரம்பத்தில் மட்டும் ஒற்றைப் பனைமரம் போல ஒரு கோடு உச்சிவரை நின்றது. அது என்ன? டேப் ரிக்கார்டரின் பொத்தானை அப்பா அழுத்தியபோது விழுந்த 'டக்' என்ற சத்தம்! அம்மாவின் குரலை அமுக்கியது அந்த ஒரு 'டக்'தான்.

யந்திரம் அளப்பது உயரத்தை, காது அளப்பது கனத்தை

சாதாரண நார்மலைஸ் என்ன செய்கிறது தெரியுமா? பதிவு முழுவதிலும் மிக உயரமான ஓர் அலையைத் தேடிப் பிடிக்கும். அந்த ஓர் அலை கூரையைத் தொடும் அளவுக்கு எல்லாவற்றையும் ஒரே அளவாகத் தூக்கும். ஒரு பலகைமேல் வீட்டார் அத்தனை பேரும் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பலகையைத் தூக்குகிறோம். நெட்டையான மாமாவின் தலை உத்தரத்தில் இடித்ததும் நிறுத்தியாக வேண்டும். பக்கத்தில் நிற்கும் நாலு வயதுக் குழந்தை இன்னும் கீழேதான் இருக்கும். இந்தக் கதையில் 'டக்' சத்தம்தான் நெட்டை மாமா. அது முன்பே உத்தரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஆகவே, நார்மலைஸ் பொத்தானைப் பத்து முறை அழுத்தினாலும் தாலாட்டு ஓர் அங்குலம்கூட உயராது.

நம் காது அப்படி அளப்பதில்லை. ஒரு நொடிச் சொடக்கை அது பெரிதாக எடுத்துக்கொள்ளாது. தொடர்ந்து வரும் ஒலியின் கனத்தைத்தான் 'சத்தம்' என்று உணர்கிறது. சினிமாப் பாட்டில் தாளமும் வாத்தியமும் இடைவெளியில்லாமல் அடர்ந்திருக்கும். தாலாட்டிலோ ஒற்றைக் குரலும் நடுநடுவே மூச்சும்தான். இரண்டின் உச்சி உயரமும் ஒன்றாக இருந்தாலும் காதுக்குச் சினிமாப் பாட்டே உரக்கக் கேட்கும்.

டி.வி. விளம்பரம் நாடகத்தைவிடக் காட்டுக் கத்தலாகக் கத்துவதும் பெரும்பாலும் இதே சூட்சுமத்தால்தான். உலகம் முழுவதும் புகார் எழுந்தது. காது உணர்கிற மாதிரியே சத்தத்தை அளக்கும் ஒரு முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்டது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அதைத் தழுவி ஒரு விதி வகுத்தது. அமெரிக்காவில் அதே ஆண்டு விளம்பரச் சத்தத்துக்கென்றே ஒரு சட்டம் வந்தது. இந்தப் புது அளவையின் பெயர் எல்.யு.எஃப்.எஸ். பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். உயரம் பார்க்கும் அளவுகோல் ஒன்று, கனம் பார்க்கும் தராசு ஒன்று என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும். நமக்கு வேண்டியது தராசு.

செய்முறை

ஆடாசிட்டி என்ற இலவச நிரல் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. சாதாரணக் கம்ப்யூட்டரே போதும். காலேஜ் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள்.

1. முதலில் கேசட்டைப் பாருங்கள். நாடாவின் மேல் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள். பூசணம் பிளேயரின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஈரம் போகட்டும் என்று அடுப்பருகிலோ வெயிலிலோ வைப்பதும் கூடாது, நாடா சுருங்கிவிடும். நல்ல கேசட்டாக இருந்தால் ஒரு முறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஹெட்டைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு போடுங்கள். ஹெட்டில் அழுக்கு இருந்தாலே குரல் அடங்கித்தான் கேட்கும்.

2. பிளேயரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் கொடுத்து, முதலில் ஒரு நிமிஷம் மட்டும் பதிந்து பாருங்கள். சத்தம் காட்டும் பட்டை மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் நடுவில் ஆடினால் சரி. சிவப்பைத் தொட்டால் பிளேயரின் சத்தத்தைக் குறையுங்கள். குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டலாம். உச்சி வெட்டுப்பட்டதை ஒட்ட வைக்க முடியாது. பொங்கி வழிந்த பாலை மறுபடி பாத்திரத்தில் அள்ள முடியுமா?

3. பதிந்ததை முதலில் 'வேவ்' கோப்பாகச் சேமியுங்கள். ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. இடம் பிடிக்கும். அறுபது நிமிஷக் கேசட்டுக்கு 600 எம்.பி. வரை ஆகும். பரவாயில்லை. இது வீட்டுப் பத்திரம் மாதிரி. இதில் கை வைக்காமல், நகல் எடுத்து நகலில் வேலை செய்யுங்கள்.

4. ஒரே நீளமாக இருக்கும் பதிவைப் பாட்டுப் பாட்டாகப் பிரியுங்கள். தாலாட்டும் சினிமாப் பாட்டும் ஒரே கோப்பில் இருந்தால் எந்தத் தராசாலும் அவற்றைச் சமமாக்க முடியாது. இரண்டும் சேர்ந்துதான் ஏறும், சேர்ந்துதான் இறங்கும்.

5. இப்போது பனைமரங்களைத் தேடுங்கள். பொத்தான் சத்தம், கதவு அறைந்த சத்தம், இருமல். ஆரம்பத்திலும் முடிவிலும் இருந்தால் வெட்டிவிடலாம். பாட்டின் நடுவில் இருந்தால் அந்தத் துண்டை மட்டும் குறித்து, 'ஆம்ப்ளிஃபை'யில் மைனஸ் 12 என்று கொடுத்துத் தாழ்த்துங்கள்.

6. பிறகு 'நார்மலைஸ்' அல்ல, 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மைனஸ் 23 என்று தானாக ஓர் எண் இருக்கும். அது ஒலிபரப்பு நிலையங்களுக்கு ஏற்றது, செல்போனில் கொஞ்சம் மெல்லக் கேட்கும். வீட்டுக்கு மைனஸ் 18 வசதியாக இருக்கும். எந்த எண் என்பதைவிட எல்லாப் பாட்டுக்கும் ஒரே எண் என்பதுதான் முக்கியம்.

7. அலையின் உச்சி கூரையில் இடிக்கிறதா என்று கடைசியாக ஒரு தடவை பார்த்து, மைனஸ் 1க்கு மேல் போகாமல் வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் எம்பி3 ஆக மாற்ற வேண்டும். மாற்றும்போது உச்சி சற்றே உயரக்கூடும். அதற்குத்தான் இந்தக் கொஞ்ச இடம். சாதம் வடிக்கும்போது பானையில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றுவோமா?

வரக்கூடிய தொல்லைகளும் பரிகாரமும்

*கம்ப்யூட்டரில் சரியாக இருக்கிறது, ஸ்பீக்கரிலும் காரிலும் பழைய குருடி கதவைத் திறடிதான்.* சில நிரல்கள் பாட்டைத் தொடுவதே இல்லை. 'இந்தப் பாட்டை இவ்வளவு கூட்டிப் பாடு' என்று கோப்பின் ஓரத்தில் ஒரு சீட்டை மட்டும் ஒட்டும். ரீப்ளேகெய்ன் என்று 2001இல் வந்த முறை இது. சீட்டைப் படிக்கத் தெரிந்த பிளேயர் படிக்கும். பென்டிரைவ் செருகும் சின்ன ஸ்பீக்கர்கள் பலவும் படிக்காது. ஆகவே, கோப்பிலேயே மாற்றம் செய்யும் முறையைத் தேர்ந்தெடுங்கள். மூலப் பதிவு கையில் இல்லாமல் எம்பி3 மட்டும் இருந்தால், எம்பி3கெய்ன் என்ற இலவச நிரல் உதவும். கோப்பைப் பிரித்து மறுபடி சுருக்காமல், ஒன்றரை டெசிபல் படிகளாக ஏற்றி இறக்கும். ஆகவே தரம் கெடாது.

*குரல் கரகரக்கிறது, தகரத்தில் தட்டினாற்போல் இருக்கிறது.* உச்சி வெட்டுப்பட்டுவிட்டது. பதியும்போதே வெட்டுப்பட்டிருந்தால், சத்தத்தைக் குறைத்து மறுபடி கேசட்டிலிருந்து பதிவதே வழி. லேப்டாப்பில் இருக்கும் மைக் துளை நுண்ணிய ஒலிக்கென்று செய்தது. பிளேயரின் ஒலி அதற்கு அதிகம். 'லைன்-இன்' துளை உள்ள சிறு யு.எஸ்.பி. கருவி வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும்.

*பாட்டின் நடுவிலேயே சத்தம் தானாக ஏறி இறங்குகிறது.* லேப்டாப் 'உதவி செய்கிறேன்' என்று மைக்கின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கிறது. அமைப்புகளில் போய் அந்த உதவியை அணைத்துவிட்டு மறுபடி பதியுங்கள். பழைய டேப் ரிக்கார்டர்கள் சிலவும் அன்று பதியும்போதே இப்படிச் செய்திருக்கும். அந்த ஏற்ற இறக்கம் கேசட்டிலேயே இருப்பது. அப்படியே விட்டுவிடுங்கள்.

*ஒரு காதில் மட்டும் கேட்கிறது.* வீட்டுப் பதிவுகள் பல ஒற்றைத் தடமாக இருக்கும். நன்றாகக் கேட்கும் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'மோனோ'வாக மாற்றினால் இரண்டு காதிலும் வரும். இதை முதலில் செய்துவிட்டுப் பிறகு சத்தத்தைச் சமமாக்குங்கள்.

*குரலோடு இரைச்சலும் கூடிவிட்டது.* கூடத்தான் செய்யும். அரிசியைத் தூக்கினால் அதிலிருக்கும் தவிடும் சேர்ந்துதானே வரும்? பாட்டு தொடங்கும் முன் வெறும் இரைச்சல் மட்டும் ஓடும் ஓரிரு விநாடியை மாதிரியாகக் காட்டி, 'நாய்ஸ் ரிடக்ஷன்' கொடுக்கலாம். கொஞ்சமாக! அளவு மீறினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். இரைச்சல் கொஞ்சம் இருந்தாலும் குரல் குரலாக இருக்கட்டும்.

*கச்சேரியின் உயிரே போய்விட்டது.* ஆலாபனை மெல்ல இருக்க வேண்டும், தனி ஆவர்த்தனம் முழங்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சமமாக்கினால் மேடு பள்ளம் இல்லாமல் போய்விடும். ஒரே கச்சேரியின் பகுதிகளை ஒரே ஆல்பமாகக் கருதி, எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு ஏற்றி இறக்குங்கள்.

தாலாட்டு என்ன ஆயிற்று?

எங்கள் இளம் தாயின் பதிவில் அந்த 'டக்'கை வெட்டினோம். அப்புறம் குரலைப் பதினெட்டு டெசிபல் வரை தூக்க இடம் கிடைத்தது. ஆறு டெசிபல் ஏறினால் அலையின் உயரம் இரு மடங்கு. பதினெட்டு என்றால் எட்டு மடங்கு! நல்லவேளையாக, கடைக்காரர் வேவ் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தார். கேட்டதும் கொடுத்துவிட்டார். சினிமாப் பாட்டுகளைத் தனியே பிரித்து வைத்தோம்.

தாலாட்டு இப்போது பக்கத்து அறையில் பாடுவது போலக் கேட்டது. தொட்டில் சங்கிலி கிறீச்சிடுவதுகூடக் காதில் விழுந்தது. பாட்டு முடிந்தது. அதன் பிறகு சில விநாடி மௌனம். அப்புறம் ரகசியம் பேசுவது போல ஒரு பேச்சு: "தூங்கிட்டா... அணைச்சிடுங்க."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, எங்கம்மா பேசினது... இது நான் கேட்டதே இல்லக்கா" என்றாள். பாட்டுக் குரல்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தவளுக்குப் பேச்சுக் குரலும் கிடைத்தது. சகோதரிகளே, பழைய பதிவுகளில் பாட்டு முடிந்தவுடன் வெட்டிவிடாதீர்கள். அதற்குப் பின்னால் யாராவது பேசியிருக்கலாம்.

பிஞ்சுக் காது பத்திரம்

சத்தத்தைச் சமமாக்குவது வெறும் வசதிக்காக அல்ல. மெல்லிய பாட்டுக்காகச் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்தால், அடுத்து வரும் பலத்த பாட்டு நேராகக் குழந்தையின் காதில் இறங்கும். 2014இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. குழந்தையைத் தூங்க வைப்பதற்காக விற்கும் 14 ஒலிக் கருவிகளை முழுச் சத்தத்தில் வைத்து அளந்தார்கள். ஓரடித் தூரத்தில் அத்தனையும் 50 டெசிபலைத் தாண்டின. மூன்று கருவிகள் 85ஐயும் தாண்டின. குழந்தைகள் வார்டுக்கு 50 டெசிபல்தான் வரம்பு என்பது மருத்துவர்கள் பரிந்துரை. செல்போன் ஆனாலும் ஸ்பீக்கர் ஆனாலும் கணக்கு ஒன்றுதான்.

ஆகவே, பாட்டுப் பாடும் கருவியைத் தொட்டிலுக்குள் வைக்காதீர்கள். ஆறேழு அடியாவது தள்ளி இருக்கட்டும். நாம் தணிந்த குரலில் பேசினால் பாட்டை மீறிக் கேட்க வேண்டும், அதுதான் அளவு. குழந்தை தூங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

வளர்ந்தவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. இயர்போனில் கேட்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். பிள்ளைகளுக்கு 75. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83 டெசிபல் என்றால் 20 மணி நேரம்தான். அடங்கிய பாட்டுக்காகக் கூட்டிவிட்டு, குறைக்க மறந்து அப்படியே கேட்டுக்கொண்டிருப்பதில்தான் ஆபத்து.

இன்னொன்று. எல்லாப் பாட்டையும் சமமாக்கிய பிறகும் மாமனாரோ மாமியாரோ 'சரியாக் கேக்கலைம்மா' என்றால், மேலும் மேலும் சத்தத்தைக் கூட்டாதீர்கள். காது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதேபோல, குழந்தை திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிட்டால் ஒரு வகையில் நல்லதே, காதில் விழுகிறது என்று தெரிகிறது. கதவு படீரென்று அறைந்தும் அசையாமல் கிடக்கும் குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'தானாகச் சரியாகும்' என்று காத்திருக்கக் கூடாது.

மாற்றி முடித்த பிறகு கேசட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு நிறுத்திவாக்கில் வையுங்கள். வேவ் கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது 'ட்ராக் 1' என்று விடாமல், யார் குரல், எந்த வருஷம், எந்த ஊர் என்று எழுதுங்கள். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளை தேடும்போது, யாரைக் கேட்பது என்று தவிக்கக் கூடாது பாருங்கள்!